முடிக்காத திருவாராதனம்

டெம்போவுக்குச் சொல்லியாகிவிட்டது என்ற விஷயம் கஸ்தூரிரங்கனுக்குத் தெரியாது. மனுவில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்ற விஷயம் ருக்குவுக்குத் தெரியாது. போன வாரம் இந்தத் தம்பதியை நாம் விட்டுவந்த இடம் அதுதான். ஆளுக்கொன்றை மறைத்து வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே ரஜாய்ப் போர்வைக்குள் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

விடிந்தால் டிசம்பர் முப்பத்தொன்று. தலைநகரத்தில், லக்ஷ்மிபாய் நகரில் எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியாத பனி. சர்க்கார் குவார்ட்டர்ஸை இன்றைக்குள் காலி செய்தாக வேண்டும். ரிடயரான பிறகு கிடைத்த நாலு மாதம் எப்போதோ போய்விட்டது. கெஞ்சி வாங்கிய இன்னொரு நாலு மாதமும் இன்றோடு சரி.

வேறு யாராவது என்றால் தீபாவளிக்கே ஊர்க்கோடி துவாரகாவுக்குக் குடி போயிருப்பார்கள். பதினாலு வருஷம் காத்திருந்து கிடைத்த சொசைட்டி ஃப்ளாட், பெயின்ட் வாசனையோடு அங்கே பூட்டிக் கிடக்கிறது. நம் மனுஷனுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட மனசு வரவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அவர் ஐம்பத்தெட்டு முடிந்து ரிடயரானது ஏப்ரல் முப்பது. மே பதிமூன்றாம் தேதி உத்தரவு வந்தது, இனிமேல் ரிடயர்மென்ட் வயசு அறுபது என்று. பதிமூன்றே நாள்! "எங்கம்மா இன்னும் ரெண்டு நாள் பொறுத்துண்டிருக்கப்படாதா?" என்று செத்துப்போன தாயார்மேல்கூட அவருக்குக் கோபம். ரெண்டு நாள் தள்ளி மே மாதம் பிறந்திருந்தால், மே கடைசி வரை வேலையில் இருந்து உத்தரவுக்குள் வந்திருப்பார். எட்டு மாதமாக மேலே இருக்கிற ஒவ்வொருவருக்கும் மனு எழுதினார். ஒவ்வொருவரும் வருந்தினார்கள். யாரும் நாற்காலியைத் திருப்பித் தரவில்லை.

"ஸ்வப்னா, அந்த நாற்காலியையும் கட்டு" என்றாள் ருக்கு.

"அப்பா அதுல உட்கார்ந்திருக்கார்மா."

"அவரோட சேர்த்துக் கட்டு."

கஸ்தூரிரங்கன் பேப்பரை இறக்கினார். "ரெண்டு பேருமா எதுக்கு இப்ப எல்லாத்தையும் கட்டறேள்?"

"பதினோரு மணிக்கு டெம்போ வரதுப்பா. நான்தான் புக் பண்ணினேன்." ஏர்போர்ட்டில் செக்-இன் கவுன்ட்டரில் நிற்கிற பெண். சாமான் எத்தனை, எடை எத்தனை என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "லீவ் போட்டிருக்கேன். ஜல்தி எழுந்திருங்கோ, ப்ளீஸ்."

"யாரைக் கேட்டுண்டு புக் பண்ணினே?"

"பெருமாளைக் கேட்டுண்டு" என்றாள் ருக்கு. "நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, பெருமாளும் நானும் டெம்போல ஏறிடறதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

கஸ்தூரிரங்கன் வாட்சைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குள் ட்ரிப்யூனலில் மனு தாக்கலாகிவிடும். கூடவே ரிடயரான பாலசுப்ரமணியம் கொண்டுபோகிறான். அந்த நம்பரைக் காட்டி, கேஸ் முடிகிறவரை வீட்டை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் போட்டு வைத்திருந்த திட்டத்தை, ஒரு டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போவதா?

"பன்னண்டு மணி வரைக்கும் பொறு ருக்கு."

"பன்னண்டு மணிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை" என்றார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு அந்த ஒண்ணுமில்லைக்கு அர்த்தம் தெரியாதா? தெரியும். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

நாற்பது வயசு இருக்கும். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மஃப்ளர், குளிரில் சிவந்த மூக்கு. "வணக்கம் சார். உள்ள வரலாங்களா? நான் அம்சவேணிங்க. இந்த வீடு எனக்கு அலாட் ஆகியிருக்குதுங்க."

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கஸ்தூரிரங்கன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

முன்பின் பார்த்த முகமில்லை. ஆனால் அந்தப் பெயரை அவரே, தன் பத்து விரலால், போன வாரம் டைப் அடித்திருந்தார். எதிர் மனுதாரர் எண் ஐந்து: திருமதி அ. அம்சவேணி, அசிஸ்டென்ட். அவர் எழுந்துபோன நாற்காலிக்கு ஒருவர் ஏறி வந்தார். அவருடைய இடத்துக்கு இன்னொருவர். இப்படிப் படிப்படியாக ஐந்து பேருக்கு ப்ரமோஷன். கஸ்தூரிரங்கன் ஜெயித்துத் திரும்பி வந்தால் ஐந்து பேரும் ஒரு படி இறங்க வேண்டும். அதனால் அவர்களையும் கேஸில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். முப்பத்தாறு வருஷம் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தவர், ஒரு பெயரைக்கூட விடவில்லை. டைப் அடிக்கும்போது அவை வெறும் ஐந்து பெயர்கள். அதில் ஒன்று இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசலில் நிற்கிறது.

"உள்ளே வாம்மா, உட்காரு" என்று ருக்கு அவளை ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார வைத்தாள். நல்லவேளையாகக் காப்பி டிகாக்‌ஷன் இன்னும் மூட்டை கட்டப்படவில்லை.

"நான் வேற பில்டிங்குங்க, ஆனா சாரோட கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியுங்க" என்றாள் அம்சவேணி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "லீவ் எழுதிக் குடுத்தா அன்னைக்கே பாஸ் பண்ணி அனுப்பிருவீங்க. நீங்க ரிடயர் ஆனதுலதான் சார் எனக்கு ப்ரமோஷனே வந்துச்சு. பதினோரு வருஷமா யூ.டி.சி. குமாஸ்தாவாவே கிடந்தேன். அசிஸ்டென்ட் ஆனதாலதான் இந்த டைப் வீட்டுக்கே தகுதி வந்துச்சுங்க."

நன்றி சொல்கிறாள், பாவம்! கஸ்தூரிரங்கன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இப்ப எங்கே இருக்கே?" என்றாள் ருக்கு.

"முனிர்காவுல ஒத்தை ரூமுங்க. பொண்ணுங்க ரெண்டு பேரும் இங்க தமிழ் ஸ்கூல்லதான் படிக்குதுங்க. ரெண்டு பஸ் மாறி வரணும். இந்தப் பனியில எந்த பஸ்ஸுங்க நேரத்துக்கு வருது?" டம்ளரைக் கீழே வைத்தாள். "இங்க குவார்ட்டர்ஸ் என்க்வயரி ஆபீஸ்ல கேட்டேன். இன்னைக்குள்ள நான் பொசெஷன் எடுக்கலைன்னா அலாட்மென்ட் கேன்சலாயிடுமாம். மறுபடி லிஸ்ட்டுல கடைசி. அதான் சார், சாவி எப்ப கிடைக்கும்னு..."

"விஷயம் பரிசீலனையில இருக்கும்மா" என்றார் கஸ்தூரிரங்கன்.

சொன்ன பிறகு அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஸ்வப்னா, "அப்பா! என்ன பரிசீலனை? டெம்போ வரது" என்றாள். ருக்கு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஸ்நானம் பண்ணிட்டுத் திருவாராதனத்தை முடியுங்கோ. தளிகை ஆயிடுத்து. பெருமாளை வெறும் வயித்தோட எழுந்தருளப் பண்ண முடியாது."

சமையலறையின் கிழக்கு மூலையில் கோவிலாழ்வார். அவர்கள் வீட்டில் பெருமாள் பெட்டிக்கு அதுதான் பெயர்; தினப் பூஜைக்குத் திருவாராதனம், அதற்கான சமையலுக்குத் தளிகை. கஸ்தூரிரங்கன் நனைந்த தலையோடு அதற்கு முன்னால் பலகையில் உட்கார்ந்தார். கை தானாகத் தீர்த்தம் எடுத்தது, வஸ்திரம் சாத்தியது, துளசி போட்டது. மனசு எங்கே? 'மனுவின் ஏழாவது பாராவில் ஒரு கமா விட்டுப்போச்சோ?' என்று அது கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. நடுவில், 'எண் ஐந்து காப்பி குடித்துவிட்டாளா?' என்றும் கேட்டது. பொங்கலைப் பெருமாளுக்குக் காட்டிக் கண்டருளப் பண்ணினார். முடிவில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, விழுந்து சேவித்துவிட்டு, பெட்டிக் கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதேங்கோ. இன்னும் முடியலை."

ருக்கு அடுப்படியிலிருந்து நகரவில்லை. கரண்டி கையில் இருந்தது.

"என்ன முடியலை?"

"கடைசியில என்ன சொன்னேள்?"

"தினம் சொல்றதைத்தான்."

"அதேதான். தினம் அதைத்தான் சொல்றேள். 'காரயதி'ன்னு ஆரம்பிக்கறேள். 'காரயதி'ன்னே முடிக்கறேள்."

வைஷ்ணவர் வீடுகளில் எந்தக் காரியத்தைத் தொடங்கும்போதும் ஒரு வாக்கியம் உண்டு. இதை நான் செய்யவில்லை, பெருமாளே தனக்காகத் தானே செய்விக்கிறான், காரயதி. முடிக்கும்போது அதே வாக்கியம்தான், கடைசிச் சொல் மட்டும் மாறும். செய்வித்தான், காரிதவான். அத்தோடு காரியம் அவனுடையது, எழுந்திருப்பது நம்முடையது. பூணூல் போட்ட நாளிலிருந்து சொல்கிற சொல்.

"உளறாதே. அம்பது வருஷமா இந்த வாயால சொல்லிண்டிருக்கேன்."

"ஆபீஸ் போன வரைக்கும் சரியாத்தான் சொன்னேள். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்கற அவசரத்துலகூடச் சரியாச் சொல்லுவேள். மே மாசம் பேப்பர்ல அந்த நியூஸ் வந்துதே, அன்னியிலேருந்துதான் இப்படி. நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு நானும் பார்த்தேன்." ருக்கு கரண்டியை மேடைமேல் வைத்தாள். "எட்டு மாசமா இந்த ஆத்துல திருவாராதனம் முடியவே இல்லை. ஆரம்பிச்ச இடத்துலயே உட்கார்ந்துண்டிருக்கேள்."

"நீ எனக்குச் சொல்லித் தரயா?"

"நான் ஏன் சொல்லித் தரேன்? அடுப்படியில நின்னுண்டு காதால கேட்டுண்டிருந்தேன், அவ்வளவுதான்."

பளிச்சென்று அந்தச் சொல்லைச் சொல்லி அவள் வாயை அடைத்துவிடலாம் என்று கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் என்ன ஆகிவிடும்? சொல்ல முடியவில்லை. முடிந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு மனசில்லை. அதுதான் உண்மை. உண்மை தெரிந்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. மஃப்ளரை எடுத்துச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். பெட்டிக் கதவு திறந்தே இருந்தது.

கால் எங்கே போகும்? பதினேழு வருஷம் போன இடத்துக்குத்தான் போயிற்று. சார்ட்டர்ட் பஸ் நிற்கிற வேப்பமரத்தடி.

அங்கே பாலசுப்ரமணியம் நின்றுகொண்டிருந்தான். கோட்டு, டை, பளபளவென்ற ஷூ. கையில் சிவப்பு நாடா கட்டிய ஃபைல். கஸ்தூரிரங்கனோடு அதே ஏப்ரல் முப்பதாம் தேதி, அதே ஹாலில், அதே சமோசாவைத் தின்று ரிடயரானவன். எட்டு மாதமாகத் தினமும் டிரஸ் பண்ணிக்கொண்டு இந்த மரத்தடிக்கு வந்து, பஸ்ஸுக்கு டாட்டா காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டிருந்தார். இன்றுதான் கண்ணால் பார்க்கிறார்.

"வாடா ரங்கா! இன்னிக்கு நான் ஏறப்போறேன்" என்றான் பாலு. முகமெல்லாம் சிரிப்பு. "ட்ரிப்யூனல் வழியாத்தானே பஸ் போறது. பன்னண்டுக்குள்ள போட்டுடுவேன்."

"பாலு, அதைப் போட வேண்டாம்."

தான் அப்படிச் சொல்லப்போகிறோம் என்று கஸ்தூரிரங்கனுக்கே ஒரு நிமிஷம் முன்னால் தெரியாது.

"என்ன?"

"போதும்டா. விட்டுடலாம்."

பாலுவின் சிரிப்பு மெள்ள இறங்கியது. "யாருடா என்னை இதுல இழுத்தது? நான் பேசாமத்தானே இருந்தேன். ஆத்துக்கு வந்து, 'நமக்கு அநியாயம் நடந்திருக்கு பாலு'ன்னு நாலு மணி நேரம் உட்கார்ந்து பேசினது யாரு? உனக்கு ருக்கு இருக்கா. பொண்ணு இருக்கா. ஆத்துல பெருமாள் இருக்கார். எனக்கு யாரு இருக்கா? என் சுசீலா போனப்புறம் எனக்கு இந்த பஸ்தான்டா!"

பாலு சொன்னது அத்தனையும் நிஜம்.

பனியைக் கிழித்துக்கொண்டு பஸ் வந்து நின்றது. "ஆயியே சாப், ஜல்தி!" என்றான் டிரைவர். பாலு ஏறிவிட்டான். படியில் நின்று திரும்பி, "முதல் கையெழுத்து உன்னோடது. ஞாபகம் வெச்சுக்கோ" என்றான்.

ஜன்னலோரம் மூன்றாவது சீட், அது கஸ்தூரிரங்கனுடையது. அதில் யாரோ ஒரு புதுப் பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் வயிறு எரியும் என்று எதிர்பார்த்தார். எட்டு மாதமாக எரிந்துகொண்டிருந்த வயிறாயிற்றே! எரியவில்லை. தூங்கட்டும் பாவம், ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. பஸ் போய்விட்டது. கஸ்தூரிரங்கனுக்கு திடீரென்று கபகபவென்று பசித்தது.

வீட்டுக்கு வந்தபோது பாதிச் சாமான் வாசலில் இருந்தது. அம்சவேணியும் ஸ்வப்னாவும் சேர்ந்து பீரோவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் யாரிடமும் பேசாமல் கைகால் கழுவிக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார்ந்தார். ருக்கு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

கண்ணை மூடினார். ஏழாவது பாரா வரவில்லை. கமா வரவில்லை. அந்த நாற்காலியும், மேஜைமேல் கண்ணாடியும், பச்சை இங்க்கும், மரியாதையோடு எழுந்து நிற்கிற குமாஸ்தாக்களும், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. யார் இல்லை என்றார்கள்? அவன் நடத்தினான். நடத்தி முடித்துவிட்டான்.

"காரிதவான்" என்றார்.

ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், பலகையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் பெருமாளை நிமிர்ந்து பார்த்தது போலிருந்தது. பெருமாள் இத்தனை நாளும் அங்கேயே, இவர் எப்போது ஃபைலை மூடுவார் என்று பொறுமையாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். ருக்கு புடவைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொங்கல் ஆறிடுத்து, சுட வெச்சுத் தரேன்" என்றாள். அவள் வாயில் அதற்கு மேல் வராது.

இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு அம்சவேணியை அழைத்துக்கொண்டு பின்பக்கத்து என்க்வயரி ஆபீஸுக்குப் போனார். காலி செய்த சீட்டில் அவர் கையெழுத்துப் போட, சாவி அவள் கைக்கு மாறியது. பதினைந்து நிமிஷ வேலை. இதற்காகவா எட்டு மாதம்? திரும்பி நடக்கும்போது காற்றில் நடப்பது போலிருந்தது.

அம்சவேணி சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பொண்ணுங்களுக்கு இன்னைக்கு லஞ்ச் டயத்துலயே வீட்டைக் காட்டிருவேன் சார். நீங்க ரொம்ப நல்லா இருக்கணும்."

கஸ்தூரிரங்கனின் கால் நின்றுவிட்டது.

வாயால் முடித்தாயிற்று. காகிதத்தில்? பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிற ஃபைலில் அவருடைய முதல் கையெழுத்து அழுத்தந்திருத்தமாக உட்கார்ந்திருக்கிறது. பாலு போட்டால் போட்டுக்கொள்ளட்டும், எப்படியும் கேஸ் நிற்காது, துவாரகாவுக்குப் போய்ப் பொங்கல் மயக்கத்தில் தூங்கலாம் என்று ஒரு மனசு சொல்லிற்று. அந்த மனசைக் கேட்டால், சற்றுமுன் பலகையில் அழுதது நடிப்பு.

"அம்சவேணி, நில்லும்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ருக்கு கோவிலாழ்வாரைக் கையில் ஏந்திக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட டெம்போவின் முன்சீட்டில் ஏறப்போனவள், அவர் குரலைக் கேட்டுத் திரும்பினாள். "இன்னிக்குப் பன்னண்டு மணிக்கு ட்ரிப்யூனல்ல ஒரு கேஸ் தாக்கலாகப் போறது. அது ஜெயிச்சா உன் ப்ரமோஷன் போயிடும். ப்ரமோஷன் போனா இந்த வீடும் போயிடும். எதிர் மனுதாரர் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. டைப் அடிச்சது நான். முதல் கையெழுத்துப் போட்டதும் நான்."

"பன்னண்டு மணிக்கு ஒண்ணுமில்லைன்னேளே, அது இதுதானா?" என்றாள் ருக்கு.

அவர் தலையாட்டினார். அவளைப் பார்க்கிற தைரியம் இல்லை.

அம்சவேணி கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "நான் யாருன்னு தெரியாமதானே சார் போட்டீங்க?"

"தெரியாமத்தான்."

"இப்பத் தெரிஞ்சிருச்சில்லீங்க?"

ஸ்வப்னா வாட்சைப் பார்த்தாள். பத்தே முக்கால். யாரும் சொல்லாமலே ஸ்கூட்டரை இறக்கி உதைத்தாள். கஸ்தூரிரங்கன் அம்சவேணியைப் பார்த்தார். அந்தச் சாவியை அவள் தன் மூஞ்சியில் விட்டெறிந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றார்.

அவள் எறியவில்லை. கைக்குள் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டும் சார். நீங்க போட்ட கையெழுத்தை நீங்களே போய்த் திரும்ப வாங்கிட்டு வாங்க."